0:0:50 உரம்: சம்பங்கித் தொட்டிக்கு வாங்கலாம், கொல்லைக்கு அவசியமில்லை

சம்பங்கிக்குப் பூ பிடிக்க என்ன போடலாம் என்று வேலூர் உரக்கடையில் கேட்டால், அடிக்கடி எடுத்து நீட்டுவது 0:0:50 பையைத்தான். இது சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ். தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லை, சாம்பல் சத்து (பொட்டாஷ்) மட்டும் 50 சதவீதம் என்பதுதான் அந்த எண்களுக்குப் பொருள். சாதாரண பொட்டாஷ் எனப்படும் மியூரியேட்டைவிட (பொட்டாசியம் குளோரைடு) விலை நன்றாகவே அதிகம். அந்த விலைக்குத் தகுமா என்பது சம்பங்கியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாடித் தொட்டி என்றால் தகும். அரை ஏக்கர் கொல்லையில் அடியுரமாகக் கொட்டுவதற்குத் தகாது.

வாங்கும்போது பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சாம்பல் சத்து 50 சதவீதம், கந்தகம் 17.5 சதவீதம், குளோரைடு அதிகபட்சம் 2.5 சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். வெள்ளை மியூரியேட்டும் இதுவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் 100 மில்லி தண்ணீர் ஊற்றி 10 கிராம் 0:0:50 கரையுங்கள். இன்னொரு டம்ளரில் அதே அளவு தண்ணீரில் 10 கிராம் கால்சியம் நைட்ரேட் கரையுங்கள். இரண்டையும் சேர்த்தால், சல்ஃபேட்டாக இருந்தால் பால்போல் கலங்கி, சற்று நேரத்தில் வெள்ளையாக அடியில் படியும். அது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்ஃபேட். மியூரியேட் இப்படித் திரியாது. ஆனால் இந்தச் சோதனை சல்ஃபேட் இருப்பதைத்தான் காட்டும், பொட்டாஷ் எவ்வளவு என்பதைக் காட்டாது. இதே காரணத்தால்தான் தெளிக்கும்போது 0:0:50-ஐயும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே டேங்கில் கலக்கக் கூடாது. நாசில் அடைத்துக்கொள்ளும்.

கரைவது மெதுவாகத்தான். லிட்டருக்கு நூறு கிராமைத் தாண்டினால் அடியில் தங்கிவிடும். முதலில் ஒரு சொம்பு தண்ணீரில் நன்றாகக் கலக்கி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்கி, துணியில் வடிகட்டிய பிறகு வாளியில் ஊற்றுங்கள்.

இந்த உரத்துக்குச் சொல்லப்படும் பெரிய பெருமை, உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு இதில் அநேகமாகக் கிடையாது என்பது. நம் பக்கம் அது சும்மா சொல்லும் பெருமை இல்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரைத் தண்ணீர் கெட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய மியூரியேட் 33 கிராம். அதில் குளோரைடு சுமார் 16 கிராம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் குளோரைடு உள்ள தண்ணீரை அதே இடத்தில் தினம் 5 லிட்டர் பாய்ச்சினால், பதினோரு நாளில் அந்த 16 கிராம் வந்து சேர்ந்துவிடும். கொல்லையில் உப்பைக் கொண்டுவருவது தண்ணீர், பொட்டாஷ் இல்லை. அங்கே மியூரியேட்டைப் போட்டு, மிச்சமாகும் பணத்தை வடிகாலுக்கும் தொழு உரத்துக்கும் செலவழிப்பதே சரி. கந்தகம் வேண்டுமென்றால் சூப்பர் பாஸ்பேட்டிலேயே கிடைக்கிறது.

தொட்டியில் கதை வேறு. மண் கொஞ்சம், போட்ட உப்பு போக இடமில்லை, ஒரே நாளில் வேர்மேல் ஏறும். அங்கே 0:0:50 உண்மையிலேயே பாதுகாப்பானது.

அளவுக்கு வருவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சம்பங்கிக்கு எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் தலா 200 கிலோ பரிந்துரைக்கிறது. சதுர மீட்டருக்கு யூரியா 43 கிராம், சூப்பர் 125 கிராம், 0:0:50 என்றால் 40 கிராம். 12 அங்குலத் தொட்டியில் 25, 30 கிராம் எடையுள்ள கிழங்கு மூன்று வைத்திருந்தால், 0:0:50-ஐ லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, மாதம் ஒரு தடவை தொட்டிக்கு அரை லிட்டர் போதும். ஸ்பூனை நம்பாதீர்கள், தராசில் நிறுங்கள். மண் காய்ந்திருக்கும்போது ஊற்றக் கூடாது. முதலில் வெறும் தண்ணீர், பிறகுதான் உரத் தண்ணீர்.

பருவம் பார்த்துக் கொடுப்பது அளவைவிட முக்கியம். ஆனி, ஆடியில் கிழங்கு நட்ட முதல் இரண்டு மாதம் இலை வளரும் காலம். அப்போது மூன்று சத்தும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 3 கிராம் கொடுப்பதுதான் பொருத்தம். 0:0:50 பையைப் பிரிக்கவே வேண்டாம். நட்டு மூன்று மாதத்தை ஒட்டிப் பூந்தண்டு எட்டிப் பார்க்கும்போதுதான் இதற்கு வேலை. மண்ணில் ஊற்றுவதோடு, லிட்டருக்கு 5 கிராம் கலந்து பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்கலாம். விரிந்த பூவில் படக் கூடாது. அந்த நேரத்தில் யூரியாவைத் தொடர்ந்து கொடுத்தால் இலை அடர்ந்து, தண்டு மெலிந்து சாயும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் நிற்கும் தொட்டிக்கு எந்த உரமும் வேண்டாம். துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்து, தொட்டிக்கு அடியில் வைத்த தட்டை எடுத்துவிடுங்கள். கிழங்கு அழுகுவது இந்த மாதங்களில்தான். மார்கழிப் பனியில் பூ குறையும், அதை உரத்தால் துரத்த முடியாது. மாசியில் காய்ந்த தண்டை அடியோடு வெட்டி, மண் அணைத்து, தொழு உரத்தோடு மறுபடி 19:19:19-ல் தொடங்குங்கள். கத்திரி வெயிலில் தெளிப்பை நிறுத்திவிட வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, கால்பங்கு அடியில் வடியும் அளவுக்குக் கிடைக்கிற நல்ல தண்ணீரை விட்டு மண்ணை அலசுவது அவசியம்.

இலை மஞ்சளானால் எல்லோரும் இந்தப் பையைத் தேடுவதுதான் வருத்தம். அடி இலையின் நுனியும் ஓரமும் மட்டும் கருகினால் பொட்டாஷ் குறை, இது உதவும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து, எல்லா இலை நுனியும் கருகினால் அது உப்பு. அப்போது இதையும் சேர்த்து நிறுத்துங்கள், இதுவும் உப்புத்தான். புது இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் இருந்தால் இரும்புக் குறை. அதற்கு இரும்பு சல்ஃபேட் லிட்டருக்கு 2 கிராம் தெளித்தால் போதும், 0:0:50 ஒன்றும் செய்யாது. அளவு மீறிப் போட்டால் மக்னீசியத்தையும் செடி எடுக்கவிடாமல் தடுக்கும்.

இதோடு நர்சரியில் கிழங்குச் செடிக்கென்று விற்கும் எலும்புத் தூளை வாங்காதீர்கள். களர்த்தன்மையுள்ள மண்ணில் அதன் மணிச்சத்து கரைந்து வருவதே அரிது. நடும்போது தொட்டிக்கு 9 கிராம் சூப்பர் கலந்தால் அந்த வேலை முடிந்தது.

பத்துத் தொட்டிக்கு வருடம் நூறு கிராம்கூடச் செலவாகாது. கிலோ பையை அக்கம்பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஈரம் படாமல் டப்பாவில் மூடி வைத்தால் அடுத்த வருடமும் கெடாது. டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், சமையலறைப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள்.