கலர் மீட்டரைச் சுத்தம் செய்ய எது சரி: ரப்பர் பல்பா, காற்று டப்பாவா, ஆல்கஹாலா?

நிறத்தை எண்ணாக அளக்கிற ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரின் ரீடிங் கொஞ்சம் கொஞ்சமாக விலகினால் எல்லோரும் கருவியைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் எடுத்துப் பார்ப்பது வெள்ளை டைலை, அதாவது ‘இதுதான் வெள்ளை’ என்று கருவிக்குக் காட்டி கேலிபரேஷன் செய்கிற ஓட்டை. அதில் தூசி படிந்திருந்தால் கருவி அந்த மங்கலையே முழு வெள்ளை என்று நம்பிவிடும், அப்புறம் அளக்கிற சாம்பிள் எல்லாம் உள்ளதைவிட வெளிறிப்போய் எல் மதிப்பு (வெளிர்மையைச் சொல்கிற எண்) ஏறி நிற்கும். விரல் பட்டு மஞ்சள் ஏறிய டைல் என்றால் சாம்பிள்கள் நீலப் பக்கம் சாயும். அழுக்கு ஒரு பக்கம், பிழை அதற்கு நேர் எதிர்ப் பக்கம்.

சரி, டைலைத் துடைக்க ஆல்கஹாலா, சோப்புத் தண்ணீரா? பளபளப்பான செராமிக் இரண்டையும் தாங்கும். கைரேகைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் வேகம், ஆனால் 70% வாங்காதீர்கள், மீதி தண்ணீர் மெதுவாகக் காய்ந்து கோடு விடும், 99% நல்லது. நாள்பட்ட அழுக்குக்கு என் ஓட்டு சோப்புக்கு: காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு, அப்புறம் வெறும் நீரில் நன்றாக அலசி, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி எடுங்கள். துணி துவைக்கிற பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். துணியை வெள்ளையாகக் காட்ட அதில் சேர்க்கிற ஒளிர்பொருள் டைலில் தங்கினால் புற ஊதா ஒளியில் நீலமாக மினுங்கி, கேலிபரேஷனையே கெடுத்துவிடும். டிஷ்யூ பேப்பரிலும் அந்தச் சமாச்சாரம் இருக்கலாம், போதாததற்கு நார் வேறு உதிரும்.

கோள வகைக் கருவியின் உட்புறம், அதாவது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிற வெள்ளைக் கோளத்தின் உள்பக்கம், வேறு கதை. அங்கே பேரியம் சல்பேட் பூச்சு இருந்தால் அது சுண்ணாம்பு மாதிரி, துணி பட்டாலே உதிரும். ஆல்கஹாலுக்கு அங்கே வேலையே இல்லை, காற்று மட்டும்தான். தூசி ஊத விற்கிற காற்று டப்பா வேகமாக அடிக்கும், உண்மைதான், ஆனால் ஒருமுறை டப்பாவைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து அடித்தேன், ஜில்லென்று திரவமே பீச்சியது. நல்லவேளை மேஜை மேல். அது கோளத்துக்குள் போயிருந்தால்? கம்ப்ரஸர் குழாய் இன்னும் மோசம், எண்ணெயும் ஈரமும் சேர்ந்து வரும். லென்ஸுக்கு வைத்திருக்கிற ரப்பர் பல்பே போதும், கருவியின் திறப்பைக் கீழ்நோக்கிப் பிடித்து நாலு அமுக்கு.

‘இதுதான் கருப்பு’ என்று கருவிக்குக் காட்டுகிற கருப்புக் குழிக்கும் அதே பல்ப்.

துடைத்த டைல் அறை வெப்பத்துக்கு வந்தபின் கேலிபரேஷன் செய்து, சோதனைக்கென்று வைத்திருக்கிற பச்சை டைலை அளந்து, கருவி வாங்கிய அன்று குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். சிவப்பு, ஆரஞ்சு டைல்களின் நிறம் சூட்டுக்கு அதிகமாக நகரும், அவற்றை வைத்துச் சோதித்தால் வீண் குழப்பம்தான்.