அமெரிக்காவில் கைதுப் பதிவு தேடுவது: ஷெரிஃபா, கோர்ட்டா, காசு கேட்கும் தளமா?

2023இல் டொனால்ட் டிரம்ப் மீது நான்கு கிரிமினல் வழக்குகள் வந்தன. நியூயார்க், மயாமி, வாஷிங்டன், அட்லாண்டா என நான்கு ஊர்களிலும் போய்ச் சரணடைந்தார். ஆனால் 'மக்‌ஷாட்' எனப்படும் ஜெயில் போட்டோ எடுத்தது ஒரே இடத்தில்தான்: அட்லாண்டாவின் ஃபுல்டன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) ஜெயிலில், ஆகஸ்ட் 24 அன்று. அன்றிரவே படம் உலகத்தைச் சுற்றிவிட்டது. ஆள் ஒருவர்தான், ஆண்டும் ஒன்றுதான். ஊர் மாறியதும் நடைமுறை மாறிவிட்டது. "அங்கே எல்லாம் பப்ளிக் ரெக்கார்டு, தேடினால் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால், எந்த மாநிலத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைதான முதல் ஒன்றிரண்டு நாளுக்கு ஜெயில் பட்டியல் போல வேறொன்று உதவாது. அதற்குப் பிறகு கோர்ட் பதிவுதான். படம்தான் வேண்டும் என்றால் காவல் துறைக்கு முறையாகக் கோரிக்கை கொடுக்க வேண்டும். தனியார் தளங்கள் கடைசி வழிகூட அல்ல.

ஜெயில் பட்டியல்

நகரப் போலீஸ் பிடித்தாலும் ஆளைக் கொண்டுபோய் வைப்பது பெரும்பாலும் கவுண்டி ஜெயிலில். அதைப் பெரும்பாலும் நடத்துபவர் ஷெரிஃப், அதாவது கவுண்டியின் தலைமைக் காவல் அதிகாரி. நாடு முழுக்க மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகள். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பட்டியல் கிடையாது. ஊர்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாறலாம். அட்லாண்டாவே ஃபுல்டன், டிகால்ப் என்று இரண்டு கவுண்டிகளில் கால் வைத்திருக்கிறது.

சரியான ஷெரிஃப் தளத்தைப் பிடித்துவிட்டால் புக்கிங் (கைதானவரை ஜெயிலில் பதிவு செய்வது) எண், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். ஃப்ளோரிடாவின் பல கவுண்டிகளில் படமும் உண்டு. காசு கிடையாது. குறை என்னவென்றால், புக்கிங் முடியும்வரை பெயர் ஏறாது. ஆள் ஜாமீனில் வெளியே வந்ததும் பல இடங்களில் பெயர் காணாமல் போய்விடும். பார்க்கும்போதே பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.

நம்மவர்களைத் தேடும்போது இன்னொரு தலைவலி உண்டு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று போட்டுவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்படிப் பெயர் போட்ட அடையாள ஆவணத்தை வைத்துத்தான் ஜெயிலிலும் பெயர் ஏற்றுவார்கள். அதனால் முருகனைத் தேடுகிறவர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் முருகன் என்று மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் அவருடைய அப்பா பெயரைப் போட வேண்டும். பிறகு முன்பின் மாற்ற வேண்டும். செந்தில் என்றால் டி-க்குப் பின் எச் சேர்த்தும் சேர்க்காமலும் பாருங்கள். பிறந்த தேதியை வைத்துத் தேட வழியிருந்தால் அதுவே மேல்.

குடிவரவுத் துறையான ஐஸ் பிடித்திருந்தால் தேட வேண்டிய இடம் வேறு. அதற்கென்று தனித் தேடல் பக்கம் இருக்கிறது. ஏ-நம்பரும் (குடிவரவுத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் எண்) பிறந்த நாடும் தெரிந்தால் வேலை சுலபம். பெயரை வைத்துத் தேடினால் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இதில் படம் வராது.

கோரிக்கை கொடுத்து வாங்குவது

மாநிலங்களின் குணம் இங்கேதான் தெரியும். ஃப்ளோரிடா தாராளம். பொது ஆவணம் கேட்கிறவர் பெயர் சொல்ல வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், எழுத்தில்கூடத் தர வேண்டாம். வாயால் கேட்டாலே போதும் என்பதுதான் அங்கே சட்டம். ஒருபக்க நகலுக்கு அதிகபட்சம் 15 சென்ட், சான்றளித்த நகலுக்கு 1 டாலர். ஆவணம் அதிகமாகித் தேடும் வேலை கூடினால் தனிக் கட்டணம் கேட்பார்கள். 'ஃப்ளோரிடா மேன்' என்று ஆரம்பிக்கும் விநோதத் தலைப்புகள் ஓயாமல் வருவதற்கு அங்குள்ள ஆட்கள் மட்டும் காரணமில்லை. நிருபர்களுக்குக் கைது அறிக்கை கேட்டவுடன் கிடைப்பதும் ஒரு காரணம்.

பக்கத்து ஜார்ஜியா ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறது. 2014 முதல், கைது செய்த காவல் துறை புக்கிங் படத்தைத் தன் தளத்தில் போடக் கூடாது. கேட்கிறவரும், படத்தை நீக்கக் காசு வாங்கும் தளத்துக்கு இதைத் தர மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால் படம் வந்துவிடும்.

கலிஃபோர்னியாவில் விவரம் தாராளம், படம் கஞ்சம். கைதானவரின் பெயர், தொழில், அங்க அடையாளம், கைதான நேரம், ஜாமீன் தொகை, குற்றச்சாட்டு ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று சட்டமே பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் போட்டோ இல்லை. சான் பிரான்சிஸ்கோ போலீஸ் 2020இலேயே மக்‌ஷாட் வெளியிடுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. 2022 முதல், வன்முறை சாராத குற்றத்தில் கைதானவரின் படத்தைப் போலீஸ் சமூக ஊடகத்தில் போடுவதற்கும் மாநிலம் முழுக்கக் கட்டுப்பாடு உண்டு.

நியூயார்க் கதவை ஏறக்குறைய சாத்தியே விட்டது. 2019இல் வந்த திருத்தத்தின்படி, காவல் துறையின் வேலைக்குத் தேவை என்றால் ஒழிய புக்கிங் படம் தருவது அந்தரங்கத்தில் தலையிடுவதாகும். மனு போட்டால் ஐந்து வேலை நாளில் பதில் வரும். படம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

ஃபெடரல் (மத்திய அரசு) வழக்கென்றால் படத்தை மறந்துவிடலாம். மிஷிகன், ஒஹாயோ உள்ளிட்ட நான்கு மாநிலங்களுக்கான ஆறாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் 1996இல், படம் கேட்ட பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதே கோர்ட் 2016இல் ஒன்பதுக்கு ஏழு என்ற கணக்கில் அதைத் தூக்கிப் போட்டது. கம்ப்யூட்டரில் ஒருமுறை ஏறிய படம் ஆயுசுக்கும் துரத்தும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

கோர்ட் பதிவு

ஜெயில் பட்டியலும் படமும் ஒன்றைத்தான் சொல்லும்: இந்தத் தேதியில் இவரைப் பிடித்தார்கள். அரசு வக்கீல் வழக்கே போடாமல் விட்டாரா, தள்ளுபடியானதா, தண்டனை வந்ததா என்பதெல்லாம் கோர்ட் கிளர்க்கிடம்தான் இருக்கும். ஃப்ளோரிடாவில் கைதான 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பதால் கோர்ட் கோப்பு சீக்கிரமே திறந்துவிடும். ஏன் பிடித்தோம் என்று போலீஸ் சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலமும் அதில் சேரும். படத்தைவிட அந்த ஒன்றிரண்டு பக்கம் எவ்வளவோ மேல்.

ஃபெடரல் கோர்ட்டுக்கு 'பேசர்' என்ற தளம்: பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் நின்றால் இலவசம். நியூயார்க்கில் கோர்ட் நிர்வாகமே மாநிலம் முழுக்கத் தேடித் தரும், ஆனால் 95 டாலர். நடப்பு வழக்கு மட்டும் போதும் என்றால் 'வெப்கிரிம்ஸ்' இலவசம்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, தள்ளுபடியான கைதையும் சொல்லியாக வேண்டும். வழக்கு எப்படி முடிந்தது என்பதற்குக் கோர்ட்டின் சான்றளித்த நகலும் கேட்பார்கள். ஷெரிஃப் பக்கத்தை அச்சடித்துக்கொண்டு போனால் வேலைக்கு ஆகாது.

மொத்தக் குற்றப் பின்னணி வேண்டும் என்றால் ஃப்ளோரிடா மாநிலக் காவல் துறை ஆன்லைனில் 25 டாலருக்கு யாருடையதையும் தரும், படம் இல்லாமல். எஃப்பிஐ 18 டாலருக்குத் தரும். ஆனால் கைரேகை கொடுத்து உங்களுடையதை மட்டும்தான் வாங்க முடியும்.

தனியார் தளங்கள்

கூகுளில் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பவை இவைதான். ஷெரிஃப் தளங்களிலிருந்து அள்ளிய பழைய சரக்கு. வழக்கு தள்ளுபடியான பிறகும் படம் அப்படியே தொங்கும். வேலைக்கு ஆள் எடுக்கவோ வீடு வாடகைக்கு விடவோ இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று பல தளங்கள் தாங்களே பொடி எழுத்தில் போட்டிருக்கும். பிறகு எதற்குத்தான் காசு? படத்தை நீக்கப் பணம் கேட்ட மக்‌ஷாட்ஸ்.காம் தளத்தின் உரிமையாளர்கள் எனச் சொல்லப்பட்ட நான்கு பேர் மீது 2018இல் கலிஃபோர்னியா அரசு மிரட்டிப் பணம் பறித்ததாக வழக்குப் போட்டது.

அரசு அலுவலகம் என்றால் எதையும் போடலாம் என்றும் இல்லை. பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டி, 1938 முதல் தன் ஜெயிலுக்கு வந்த எல்லாருடைய விவரத்தையும் இணையத்தில் ஏற்றிவிட்டது. மாநிலச் சட்டத்துக்கு அது விரோதம். 2019இல் ஜூரி ஆளுக்கு 1,000 டாலர் என்று தீர்த்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 67,000 பேர்.

உங்கள் படமே இப்படி ஒரு தளத்தில் மாட்டிக்கொண்டால், ஃப்ளோரிடாவில் நீக்கக் காசு கேட்பதே சட்டவிரோதம். பதிவுத் தபாலில் கடிதம் போனால் பத்து நாளில் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் கோர்ட்டில் தடையாணை வாங்கலாம். அதையும் மதிக்காதவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர்வரை அபராதம் போட முடியும். ஆகவே மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் பதிவுத் தபாலே அனுப்புங்கள், ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.