ரிவால்வர் வேட்டைக்குக் கையால் நிரப்பும் தோட்டா: .44 மேக்னத்துக்கான இரு குண்டுகள், ஒரு மதிப்பீடு

பெரிய கேலிபர் (குழல் விட்டம்) ரிவால்வருக்குத் தோட்டாவைக் கையால் நிரப்புகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, எந்த வெடிமருந்தைப் போட்டால் அதிக வேகம் கிடைக்கும் என்பதுதான். வேட்டைக்கு இந்த வரிசை தலைகீழானது. முதலில் முடிவாக வேண்டியது குண்டு. அதன் எடை, மூக்கின் வடிவம், விட்டம் ஆகியவற்றை விலங்குக்கும் துப்பாக்கிக்கும் பொருந்தத் தீர்மானித்த பிறகே மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். அந்த நோக்கில், .44 மேக்னம் என்ற வலுவான ரிவால்வர் தோட்டாவுக்கான இரண்டு குண்டுகளை இங்கே எடை போடுகிறேன். ஒன்று ஹார்னடி நிறுவனத்தின் 240 கிரெய்ன் (குண்டின் எடையைக் குறிக்கும் சிறிய அலகு) எக்ஸ்டிபி. இது ஈயத்தின் மேல் செம்பு உறை போர்த்திய குழிமூக்குக் குண்டு. மற்றது 300 கிரெய்ன் எடையில், அகன்ற தட்டை மூக்குடன் கடின ஈயக் கலவையில் வார்த்த குண்டு.

எக்ஸ்டிபி நிரப்புவதற்கு எளிமையானது. இதன் விட்டம் .430 அங்குலம், பக்கவாட்டில் கிரிம்ப் (தோட்டாக் கூட்டின் வாயைக் குண்டின்மேல் உள்நோக்கி மடித்து இறுக்குவது) பதிய வேண்டிய வளையப்பள்ளம் தெளிவாக இருக்கிறது, உறை போர்த்தியிருப்பதால் குழலில் ஈயம் படியாது. உறையின் மூக்குப் பகுதி விரிய வேண்டிய இடங்களில் முன்கூட்டியே பலவீனப்படுத்தப்பட்டிருப்பதால், குண்டு ஒரே வீச்சில் சிதறாமல் அளவோடு விரிகிறது. மான் போன்ற நடுத்தர விலங்கு பக்கவாட்டில் நின்று, குண்டு விலா வழியாக நுரையீரலைக் கடக்கும்போது, இதைவிடச் சிறந்த தேர்வு தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் இதே குண்டைத் தடித்த தோள் கொண்ட பெரிய காட்டுப்பன்றிக்கோ கரடிக்கோ கொண்டுசெல்லத் தயங்குவேன். விரிந்த குண்டுக்கு முகப்பு பெரிது. அதனால் எலும்பையும் தசையையும் கடக்கும்போது வேகத்தை விரைவில் இழக்கிறது. விலங்கு சற்றே திரும்பி நின்றாலும், குண்டு போக வேண்டிய தூரம் கூடி, உயிர்நிலையை எட்டும் முன்பே நின்றுவிடக்கூடும்.

இந்த இடத்தில்தான் வார்ப்புக் குண்டின் பெருமை தெரிகிறது. 240 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,300 அடி வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 900 அடி-பவுண்டு. 300 கிரெய்ன் குண்டு 1,150 அடி வேகத்தில் சென்றால் ஏறத்தாழ 880. ஆற்றல் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே, இலேசான குண்டு ஒரு படி மேல் என்றுகூடத் தோன்றும். ஆனால் எடையையும் வேகத்தையும் பெருக்கிவரும் உந்தத்தில் கனமான குண்டு சுமார் 10 விழுக்காடு முந்துகிறது. அதே விட்டத்துக்குள் 25 விழுக்காடு கூடுதல் எடையையும் தாங்கி நிற்கிறது. விரியாமல் நேராகச் செல்லும் குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதை இவ்விரண்டும் பெரிதும் தீர்மானிக்கின்றன. ரிவால்வர் குண்டுக்கு ரைஃபிள் குண்டின் வேகம் ஒருபோதும் வாய்க்காது. எனவே ஆற்றல் எண்ணை வைத்து இரண்டையும் ஒப்பிடுவது வேட்டைக்காரரைத் தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும்.

மூக்கின் தட்டைப் பரப்பு இதைவிட முக்கியமானது. குண்டு விரியாமலேயே அகன்ற காயப்பாதையை ஏற்படுத்துவதும், உடலுக்குள் வழி விலகாமல் செல்வதும் அந்தத் தட்டைப் பரப்பால்தான். உருண்டை மூக்குக் குண்டு திசுவை ஒதுக்கிக்கொண்டு நழுவிப் போகும், தட்டை மூக்கோ நேர்ப்படும் திசுவை நசுக்கிச் சிதைக்கும். அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் இதை நன்கு உணர்ந்தவர். மேக்னத்துக்கு முந்தைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் அவர் வற்புறுத்தியது 250 கிரெய்ன் அளவிலான, தட்டை மூக்கும் கூரிய தோளும் கொண்ட வார்ப்புக் குண்டை. 1955 இறுதியில் ஸ்மித் அண்ட் வெசனும் ரெமிங்டனும்.44 மேக்னத்தை உருவாக்கியதற்கு அவருடைய நீண்டகால வலியுறுத்தலே பெரிய காரணம். இன்றைய அகன்ற தட்டை மூக்குக் குண்டுகளில் அந்தப் பரப்பு குண்டின் விட்டத்தில் முக்கால் பங்கை எட்டுகிறது.

வார்ப்புக் குண்டை வாங்கும்போது கடினம் என்ற சொல்லுக்கு மட்டும் மயங்கிவிடக் கூடாது. கடையில் கடினக் குண்டு என்று விற்கப்படுபவை பெரும்பாலும் கடினத்தைக் குறிக்கும் பிரினெல் அளவில் 20ஐ ஒட்டி இருக்கின்றன. மிகக் கடினமான கலவை பெரிய எலும்பில் பட்டால் நொறுங்கவும் கூடும். கடினத்தைவிட விட்டம் பொருந்துவது குழலைச் சுத்தமாக வைத்திருக்கும். .44 மேக்னக் குழலின் உட்புறச் சுழல்வரிப் பள்ளங்களின் விட்டம் பொதுவாக .429 அங்குலம், குண்டு.430 அல்லது .431 இருக்க வேண்டும். சிலிண்டர் அறைகளின் முன்வாயில் குண்டு விரலின் மென்மையான அழுத்தத்தில் நுழைந்து வெளியேறினால் பொருத்தம் சரி. முன்வாய் குழலைவிடக் குறுகலாக இருந்தால், குண்டு அங்கேயே நசுங்கிச் சிறுத்துவிடும். பிறகு சூடான வாயு அதன் ஓரமாகக் கசிந்து குழலில் ஈயத்தைப் படியவைக்கும். அடியில் செம்புக் கிண்ணம் பொருத்திய குண்டுகள் இந்தக் கசிவை ஓரளவு தடுக்கின்றன; விலை சற்றுக் கூடினாலும் முழு வேகத்தில் சுடுபவருக்கு நான் பரிந்துரைப்பது இவற்றையே.

கனமான குண்டு கொண்டுவரும் ஒரு தொல்லையைத் தோட்டா நிரப்புபவர் தன் மேசையிலேயே தீர்த்தாக வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னுதைக்கிறது. சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் கூடுகள் துப்பாக்கியோடு பின்னால் போக, குண்டு மட்டும் தன் நிலைமத்தால் முன்னே நழுவப் பார்க்கிறது. கிரிம்ப் தளர்ந்திருந்தால் குண்டு சிலிண்டரின் முகத்தைத் தாண்டி நீண்டு, சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். காயம்பட்ட பன்றி எதிரே நிற்கும்போது இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. சோதனை எளிது: ஆறு தோட்டாக்களை இட்டு ஐந்தைச் சுட்டபின், ஆறாவதன் மொத்த நீளத்தைக் கேலிப்பர் என்ற அளவுக்கருவியால் அளந்து, முன்பு குறித்துவைத்த அளவோடு ஒப்பிட வேண்டும். நீளம் மாறியிருந்தால், கிரிம்பை மட்டும் இறுக்கிப் பயனில்லை. கூட்டின் கழுத்து குண்டைப் போதிய இறுக்கத்தோடு பற்றுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 300 கிரெய்ன் குண்டுகள் நீளமானவை என்பதால், சிலிண்டர் நீளம் குறைந்த ரிவால்வர்களில் சில வடிவங்கள் சுடாமலேயே வெளியே துருத்தும். மொத்தமாக வாங்கும் முன் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வெடிமருந்தைப் பொறுத்தவரை, குண்டுக்கு உரிய அளவை வெளியிடப்பட்ட நிரப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஒரு குண்டுக்கான அளவை அதே எடையுள்ள வேறு வடிவக் குண்டுக்கு மாற்றிப் போடலாகாது, ஏனெனில் கூட்டுக்குள் அது இறங்கும் ஆழம் மாறினால் அழுத்தமும் மாறும். ஹாட்ஜ்டன் ஹெச்110, வின்செஸ்டர் 296 இரண்டும் ஒரே மருந்து. மேக்னம் தோட்டாக்களுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் உச்ச அளவிலிருந்து பத்து விழுக்காடு குறைத்துத் தொடங்கும் பொதுவழக்கம் இதற்குப் பொருந்தாது. மூன்று விழுக்காட்டுக்கு மேல் குறைத்தால் எரிதல் சீர்குலைந்து, குண்டு குழலுக்குள்ளேயே சிக்கும் அபாயம் உண்டு. மிதமான வேகம் வேண்டுவோர் அதற்கேற்ற வேறு மருந்தைத் தேர்வது சரி.

.45 கோல்ட் என்ற பழைய ரிவால்வர் தோட்டாவை விரும்புவோருக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை தேவை. அதன் வழக்கமான அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு; .44 மேக்னத்துக்கு 36,000. வலுவான ரூகர் ரிவால்வர்களுக்கென்றே கையேடுகளில் தனிப்பகுதியில் தரப்படும் கனத்த நிரப்பல்கள் பழைய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரில் நுழைந்தால், அதை உடைத்துவிடக்கூடும். தோட்டாவின் வெளித்தோற்றம் இரண்டிலும் ஒன்றே. பெட்டியின் மேல் எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதாமல் அத்தகைய தோட்டாக்களை யாரும் அடுக்கி வைக்கக் கூடாது. .454 கசுல், 2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெசன் ஆகிய இன்னும் வலுவான தோட்டாக்கள் முறையே 65,000, 60,000 வரம்பில் இயங்குகின்றன. அவற்றின் உதையைத் தாங்கி, துல்லியம் தவறாமல் சுடக்கூடியவர் மிகச் சிலரே.

ஆகவே, மானுக்கு எக்ஸ்டிபியையும், பன்றிக்கும் அதைவிடப் பெரிய விலங்குக்கும் மிதமான வேகத்தில் கனத்த தட்டை மூக்கு வார்ப்புக் குண்டையும் தேர்கிறேன். ஒரே தோட்டாவை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வார்ப்புக் குண்டே என் விடை. ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டைப் பயன்படுத்த முடியாது. அங்கு இவ்விரண்டையும் விட்டுவிட்டு, பார்ன்ஸ் எக்ஸ்பிபி போன்ற முழுச் செம்புக் குண்டுகளுக்குத்தான் போக வேண்டும். ஒரே எடையில் அவை நீளமாக இருப்பதால் கூட்டுக்குள் அதிக இடத்தை எடுத்துக்கொள்கின்றன. ஈயக் குண்டுக்கான மருந்து அளவை அவற்றுக்கு எக்காரணத்தாலும் பயன்படுத்தக் கூடாது.