திருச்சி – பலாலி: 185 கிலோமீட்டர் போக எவ்வளவு நேரம்?

திருச்சி விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 185 கிலோமீட்டர்தான். ஜெட் விமானத்தின் வேகத்தால் இதை வகுத்தால் கால் மணி நேரம் வரும். அந்தக் கணக்கை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம். 2025 மார்ச் இறுதியில் நேரடிச் சேவை தொடங்கியதிலிருந்து, யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்கா குடும்பத்தைப் பார்க்க அம்மாவுடன் இதில்தான் போய் வருகிறேன்.

பலாலியில் ஓடுபாதை நீளம் குறைவு. அதனால் இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72. இறக்கையில் புரொப்பெல்லர் சுழலும் சிறிய விமானம். உச்ச வேகமே மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். மேலேறி அந்த வேகத்தைப் பிடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடுகிறது. வானில் இருப்பது முக்கால் மணிக்கும் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கிய பின் நிறுத்துமிடம் வருவது எல்லாம் சேர்த்து டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று போடுகிறார்கள். அது நியாயமான கணக்கு.

ஏறும் வாசல் விமானத்தின் பின்பக்கம். கதவே கீழே மடிந்து படிக்கட்டாகிறது. படிகள் குறுகல், கொஞ்சம் செங்குத்து. முழங்கால் வலி உள்ள அம்மா இரண்டு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவார். முதியவர்களுக்குப் பின்வரிசை இருக்கை கேட்டு வாங்குங்கள். உள்ளே அதிகம் நடக்க வேண்டியதில்லை. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் கீழே நன்றாகத் தெரியும். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் முடிந்ததும் பாக்கு நீரிணை. அதைத் தாண்டியதும் காரைநகரும் தீவுகளும் ஆழமில்லாத பச்சை நீருக்கு நடுவே வரிசையாக வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

நேரம் போவது தரையில்தான். பன்னாட்டுப் பயணம் என்பதால் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகத் திருச்சி நிலையத்தில் இருக்க வேண்டும். பலாலியில் குடிவரவுச் சோதனை, சுங்கம் முடித்து, அங்கிருந்து யாழ் நகருக்கு இன்னும் பதினாறு கிலோமீட்டர் சாலை. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு ஐந்து, ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை விசாவுக்கான இடிஏ அனுமதியை முன்பே இணையத்தில் வாங்கிவிடுவது நல்லது.

இதுவும் அதிகம் என்பவர்களுக்குப் பழைய வழியைச் சொல்ல வேண்டும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம். பிறகு வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்பி வர வேண்டும். ஒரு முழு நாள் போய்விடும். அம்மாவால் அது முடியவே முடியாது.

மூட்டை முடிச்சு அதிகமென்றால் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலைப் பாருங்கள். கடலில் சுமார் நான்கு மணி நேரம். நாகைக்குப் போகும் நேரம் தனி. ஐப்பசி, கார்த்திகையில் கடல் சீற்றத்தால் கப்பல் நின்றுவிடும். விமானமும் அந்த மாதங்களில் குலுங்கத்தான் செய்கிறது. மழையால் தாமதமும் உண்டு. முகூர்த்தம், காரியம் போன்றவற்றுக்குப் போகிறவர்கள் அந்தப் பருவத்தில் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள்.