ரெஃபரன்ஸ் கவுன்ட் பிழைகளைப் பிடிக்க த்ரெட்சானிடைசர் எப்படி?

நூறு தடவை ஒழுங்காக ஓடிவிட்டு, நூற்றியோராவது தடவை காரணமில்லாமல் விழும் புரோகிராமோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இது. கிளாங், ஜிசிசி என்ற இரண்டு சி++ கம்பைலர்களிலும் இருக்கும், த்ரெட்களுக்கு நடுவிலான மோதலைக் கண்டுபிடிக்கும் த்ரெட்சானிடைசரை ஒரு பேரலல் லைப்ரரியின் டாஸ்க் ஷெட்யூலரில் தொடர்ந்து ஓட்டி வருகிறேன். ஒரு ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, பூஜ்யமானதும் அதை டிலீட் செய்வதுதான் ரெஃபரன்ஸ் கவுன்ட். அதில் வரும் பிழைகளுக்கு முதலில் எடுக்க வேண்டிய டூல் இதுதான் என்பேன்.

மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ்சானிடைசர் இதைவிட வேகம். ஆனால் விடுவித்த மெமரியை யாராவது நிஜமாகவே போய்த் தொட்டால்தான் அது வாய் திறக்கும். த்ரெட்சானிடைசரோ, ஒரே இடத்தைத் தொடும் இரண்டு த்ரெட்களுக்கு நடுவே முறையான வரிசை இருக்கிறதா என்று பார்க்கும். அந்த ஓட்டத்தில் புரோகிராம் தப்பித்திருந்தாலும் பிழை மாட்டிக்கொள்ளும்.

எனக்கு அது பிடித்துக் கொடுத்ததில் அருமையானது ஒன்று. ஒரு ஸ்மார்ட் பாயின்டரில் கவுன்ட்டைக் குறைக்கும் ஃபெட்ச் சப் என்ற அடாமிக் செயல், மற்ற மெமரி வேலைகளின் வரிசையை உறுதி செய்யாத ரிலாக்ஸ்டு ஆர்டரில் இருந்தது. எண் என்னவோ சரியாகத்தான் குறையும். ஆனால் ஒரு த்ரெட் ஆப்ஜெக்டில் கடைசியாக எழுதியது, அதை டிலீட் செய்யும் த்ரெட்டுக்குத் தெரியும் என்று உத்தரவாதம் கிடையாது. எக்ஸ்86-இல் அடாமிக் குறைப்பு எப்படியும் லாக் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஆகிவிடுவதால் இது பெரும்பாலும் வெளியே தெரியாது. ஆர்ம் சிப்பில்தான் பல்லைக் காட்டும். த்ரெட்சானிடைசர் சிப்பைப் பார்ப்பதில்லை, கோடில் எழுதியிருக்கும் மெமரி ஆர்டரைத்தான் பார்க்கிறது. எக்ஸ்86 மெஷினிலேயே மாட்டியது. ரிப்போர்ட்டில் மேலே டிலீட் நடந்த ஸ்டாக், அடுத்து அதற்கு முன் எழுதிய த்ரெட்டின் ஸ்டாக், அப்புறம் அந்த மெமரியை ஒதுக்கிய இடம். அந்த வரிசையை உறுதி செய்யும் அக்வயர்-ரிலீஸ் ஆர்டருக்கு மாற்றியதும் ரிப்போர்ட் நின்றுவிட்டது.

எரிச்சலூட்டுவது ஃபென்ஸ் விஷயம், அதாவது மெமரி வரிசையைத் தனியாக உறுதி செய்யும் கட்டளை. கவுன்ட்டை ரிலீஸில் குறைத்து, பூஜ்யமானால் மட்டும் அக்வயர் ஃபென்ஸ் போட்டு டிலீட் செய்வது வழக்கம், சரியான கோடும்கூட. த்ரெட்சானிடைசருக்கு ஃபென்ஸ் புரியாது, பொய்ப் புகார் வாசிக்கும். ஜிசிசியாவது கம்பைல் செய்யும்போதே எச்சரிக்கிறது. சானிடைசர் பில்டில் மட்டும் ஃபென்ஸுக்குப் பதிலாக அதே கவுன்ட்டை அக்வயரில் ஒருமுறை லோடு செய்ய வைத்திருக்கிறேன், அதோடு அடங்கியது. வேலையைப் பல த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓபன்எம்பி கோடிலும் இந்தப் பொய்ப் புகார்த் தொல்லை உண்டு. எல்எல்விஎம் (கிளாங் இருக்கும் கம்பைலர் தொகுப்பு) பயன்படுத்துபவர்கள் அதைக் குறைக்கும் ஆர்ச்சர் என்ற டூலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வேகம் 5 முதல் 15 மடங்கு குறையும், மெமரி 5 முதல் 10 மடங்கு தின்னும். பெரிய டேட்டாவைக் கொடுக்காதீர்கள். சின்ன டேட்டா, நிறைய த்ரெட் போதும். டெஸ்ட் தொடாத கோடில் இருக்கும் பிழை இதற்கும் தெரியாது.

கவுன்ட் குறையாமலே போய் ஆப்ஜெக்ட் சாகாமல் கிடக்கிறதா? அதற்கு இதை நம்பாதீர்கள், விடுவிக்காமல் விட்ட மெமரியைத் தேடும் லீக்சானிடைசர் வேண்டும். அது அட்ரஸ்சானிடைசரோடு வருகிறது. அட்ரஸ்சானிடைசரையும் த்ரெட்சானிடைசரையும் ஒரே பில்டில் போட முடியாது. இரண்டு பில்டாக வைத்து ராத்திரியில் ஓடவிட்டுவிடுங்கள்.