கற்றல் குறைபாட்டுக்கு மூன்றரை வருடப் பயிற்சி: எங்கள் வீட்டு அனுபவம்

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். 2022 ஜூனில் அவனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துக் கூட்டிப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் (இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர்) போய் வருகிறான். நடுவில் நானும் கவுன்சலிங் போனேன், என் கணவரும் போனார். மூன்றரை வருடம் ஆகிவிட்டது. அவனைச் சேர்க்கும் முன் நான் அலைந்து விசாரித்தபோது, சேர்த்து ஒரு மாதம் ஆனவர்கள்தான் நிறையப் பேசினார்கள். மூன்று நான்கு வருடம் போனவர்கள் யாரும் கையில் சிக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது நான் இருப்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் திருச்சி, ஸ்ரீரங்கத்துப் பக்கம். கணவர் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஃபிட்டர். நான் வீட்டில் இருந்தபடி தையல்.

இவன் இரண்டாம் வகுப்பு முழுவதையும் செல்போனில்தான் படித்தான். 2021 நவம்பர் 1ஆம் தேதி சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான். எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. "கொரோனாவுல எல்லாப் பிள்ளையும் இப்படித்தான்" என்று பள்ளியிலும் சொன்னார்கள், அக்கம்பக்கத்திலும் சொன்னார்கள். நானும் நம்பினேன். பொங்கல் முடிந்து பார்த்தால் மற்ற பிள்ளைகள் தட்டுத்தடுமாறிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவன் அதே இடத்தில் நின்றான். வகுப்பு மிஸ் சோம்பேறித்தனம் என்றார். வீட்டில் உட்கார வைத்து எழுத வையுங்கள் என்றார். உட்கார வைத்தேன். ராத்திரி ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை. ஸ்கேலால் அடித்திருக்கிறேன். எழுதிய வார்த்தையையே பத்து தடவை எழுதச் சொன்னால், பத்தும் பத்து விதமாக வரும். வேண்டுமென்றே செய்கிறான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

முதலில் போன இடம் தப்பான இடம். மூளைத் திறன் பயிற்சி என்று போர்டு வைத்திருந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு அட்டையின் நிறத்தைச் சொல்ல வைப்பார்கள். தொண்ணூறு நாளில் மாற்றம் உறுதி என்றார்கள். பதினைந்தாயிரம் ரூபாய் கட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. குழந்தைக்கு ஒரு எழுத்துகூட அங்கே சொல்லிக் கொடுக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆயிற்று.

பிறகு ஒரு காய்ச்சலுக்காகப் போன இடத்தில் குழந்தைகள் டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணையும் காதையும் முதலில் டெஸ்ட் பண்ணுங்கள், அது இரண்டும் சரியாக இருந்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். இதுதான் சரியான வரிசை. பார்வையிலோ கேட்பதிலோ கோளாறு இருந்தாலும் எழுத்து இப்படித் தடுமாறும்.

அசெஸ்மென்ட் இரண்டு நாள் நடந்தது. ஒரு நாள் அறிவுத்திறன் பரிசோதனை, இன்னொரு நாள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வடிவமைத்த, படிப்பது, எழுதுவது, கணக்கு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்கும் தேர்வு. 5,500 ரூபாய். அறிவுத்திறன் 108 என்று வந்தது. வாசிப்பு முதல் வகுப்பு நிலையில் இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் விஷயம் என்று மேடம் நிதானமாக விளக்கினார். பையனுக்குப் புத்தியில் குறையில்லை, எழுத்தையும் ஒலியையும் கோத்துப் பிடிப்பதில்தான் சிரமம், இதற்கு மாத்திரை கிடையாது என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே "இல்லைங்க மேடம்" என்றார்.

இப்போது வகுப்பைப் பற்றி. ஒரு செஷன் நாற்பத்தைந்து நிமிடம். பல நாடுகளில் இன்றும் புழங்கும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் என்ற முறையை ஒட்டித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். 1930களில் அமெரிக்காவில் ஒரு நரம்பியல் மருத்துவரும் ஒரு உளவியலாளரும் உருவாக்கியது. கண்ணால் பார்ப்பது, வாயால் சொல்வது, காதால் கேட்பது, விரலால் தடவுவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். தட்டில் ரவையைப் பரப்பி, எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வைப்பார் மிஸ். ஒன்று நன்றாகப் படிந்த பிறகுதான் அடுத்தது.

ஆங்கிலத்துக்கு இந்த முறையில் அட்டை, புத்தகம், பயிற்சித்தாள் எல்லாம் கொட்டிக் கிடக்கின்றன. தமிழுக்கு எங்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. மிஸ்ஸே சார்ட் அட்டையை வெட்டிக் கையால் எழுதி எழுதித்தான் சமாளித்தார். தமிழை எழுதியபடியே வாசிக்கலாம், அதனால் கஷ்டமில்லை என்று நான் நினைத்திருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நம் எழுத்து ஒரு குழந்தையை எங்கெங்கே தடுக்கிவிடுகிறது என்று புரிந்தது.

"கொ" என்று எழுதிப் பாருங்கள். காதில் முதலில் விழுவது க். கை முதலில் எழுதுவதோ கொம்பு. அப்புறம் க, அப்புறம் கால். ஒரே உயிரொலி எழுத்துக்கு முன்னால் பாதி, பின்னால் பாதியாக நிற்கிறது. என் மகன் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பிடிப்பான். கொம்பைப் பார்த்ததும் "கெ" என்பான், அப்புறம் கால் வந்ததும் "கா" என்று திருத்துவான், அதற்குள் வார்த்தை கையை விட்டுப் போயிருக்கும். காலும் "ர"வும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். அதனால் "கா" பல நாள் "கர" ஆனது. "கௌ" என்றால் கெ, ள. அது போக, "கல்"லில் வரும் க வேறு, "தங்க"த்தில் வரும் க வேறு, "பகல்" என்னும்போது வருவது வேறு. எழுத்து ஒன்றுதான். நாம் யோசிக்காமல் தாண்டிப் போகிறோம். ஒலியையும் எழுத்தையும் கோக்கவே திணறுகிற பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு மேடு.

மிஸ் செய்தது இதுதான். கொம்பையும் காலையும் ஒரே சிவப்பு நிறத்தில் எழுதினார், நடுவில் க மட்டும் கறுப்பு. சிவப்பு இரண்டு பக்கமும் இருந்தால் வாயைக் குவித்து ஒரே மூச்சில் "கொ" என்று சொல்ல வேண்டும். அட்டையில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, வரியில் ஒரு வார்த்தை மட்டும் தெரிகிற மாதிரி நகர்த்திக்கொண்டே போவார். "கொ" மட்டும் ஐந்து வாரம். மூணு சுழி, ரெண்டு சுழி இரண்டு மாதம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து "இதற்கா மாதம் நாலாயிரம்" என்று நான் மனதுக்குள் புலம்பிய நாட்கள் உண்டு.

முதல் ஆறு மாதம் மார்க்கில் எதுவுமே தெரியவில்லை. இதைச் சேர்க்கும்போதே யாராவது அழுத்திச் சொல்லியிருக்கலாம். எட்டாவது மாதம் சமயபுரம் கோவிலுக்குப் பஸ்ஸில் போனோம். பாலத்துக்கு முன்னால் வண்டி நெரிசலில் நின்றது. ஆற்றின் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், வாயைக் குவித்து "கொ" என்றான். கொஞ்ச நேரம் கழித்து "கொள்…ளி…டம்". அப்புறம் என்னைத் திரும்பிப் பார்க்காமல் மறுபடியும் ஒரு தடவை முழுசாகச் சொன்னான். தினமும் தாண்டிப் போகிற ஆறு. பேரை அவன் காதால் ஆயிரம் தடவை கேட்டிருப்பான். பக்கத்தில் இருந்த அப்பாயி "ஆமாண்டா, கொள்ளிடம்தான், புதுசா சொல்ற" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எனக்கான கவுன்சலிங் தனிக் கதை. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் அந்த மிஸ் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டார். புதியவரிடம் மகன் வாய் திறக்கவில்லை, நாலு மாதம் வீண். அந்தச் சமயத்தில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு 14416க்குப் போன் செய்தேன். அது மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இருபது நிமிடம் பேசினேன். நேரில் ஒருவரைப் பாருங்கள் என்றார்கள். மகன் போகும் சென்டரிலேயே கவுன்சலர் இருந்ததால் அங்கேயே ஒன்பது முறை போனேன்.

அவர் எனக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. ஒரு நோட்டு போடச் சொன்னார். ஹோம்வொர்க்குக்கு எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், எப்போது குரல் உயர்ந்தது, யார் முதலில் அழுதது. இரண்டு வாரம் எழுதிவிட்டுப் பார்த்தால் எல்லா நாளும் அரை மணி நேரம் தாண்டிய பிறகுதான் சண்டை. அதனால் அரை மணியோடு நோட்டை மூடுவது என்று முடிவு செய்தோம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் நல்லவர், ரிப்போர்ட் நகலைக் கொடுத்ததும் ஹோம்வொர்க்கைப் பாதியாக்கினார். ஸ்கேலை நான் தையல் மெஷின் டிராயரில் போட்டேன். துணிக்குத் தவிர எடுப்பதில்லை.

என் கணவர் வாய் திறந்தது இதற்கெல்லாம் பிறகு. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். பட்டறையில் டிராயிங்கைப் பார்த்தால் எந்தத் தகடு எங்கே வளைய வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவார். ஷிஃப்ட் முடிந்ததும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டிய நாலு வரியை மட்டும் கூட வேலை பார்ப்பவரிடம் எழுதி வாங்குவார், பதினாறு வருடமாக. பேங்க் சலானை நான்தான் நிரப்புவேன். அதை நான் அவருடைய அலட்சியம் என்றே நினைத்திருந்தேன். டிஸ்லெக்சியா குடும்ப வழியில் வருவது சகஜம் என்று மேடம் சொன்னபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம்மால்தான் பிள்ளைக்கு வந்தது என்ற எண்ணம் உள்ளே அரித்திருக்கிறது. மகனிடம் அவர் அவ்வளவு கத்தியதற்கும் அதுதான் காரணம்.

ஏழு முறை கவுன்சலிங் போனார். போனில் பேசினால் தமிழில் தானே எழுதிக்கொள்ளும் வசதியைப் பழக்கிவிட்டார்கள். முதலில் போனில் சொல்லிவிட்டு, பிறகு அதைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுகிறார். கடைசி முறை போய் வந்த அன்று மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து "அப்பாவுக்கும் இந்த எழுத்தெல்லாம் குழப்பும்டா" என்றார். மகன் "உங்களுக்கு எது குழப்பும், ரெண்டு சுழியா மூணு சுழியா?" என்று கேட்டான். இருவரும் அன்று ஒரு மணி நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். செலவு கனமானது. ஒரு செஷன் 500 ரூபாயில் தொடங்கி இப்போது 600, மாதம் எட்டு. எங்கள் மருத்துவக் காப்பீட்டில் இது வராது என்றுவிட்டார்கள். ஆள் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. வேகம் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. நாலாம் வகுப்பில் தமிழில் 31 வாங்கியவன் போன காலாண்டில் 54. தானாகக் கதைப் புத்தகம் எடுத்துப் படிப்பான் என்று எதிர்பார்த்தேன், இன்னும் இல்லை. ஆனால் காலையில் வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போடுவது நின்று இரண்டு வருடம் ஆகிறது.

புதிதாகத் தேடுபவர்கள் சைக்காலஜிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் இருவரிடமும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையாகப் படித்தவர்கள் கோபப்படாமல் காட்டுவார்கள். மூன்று மாதத்துக்கு என்ன இலக்கு என்று எழுதி வாங்குங்கள். இத்தனை நாளில் சரியாகும் என்று நாள் குறித்துச் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். கவனச் சிதறல் என்பது வேறு, அதற்கு மனநல மருத்துவர் மருந்து கொடுக்கக்கூடும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு, அசெஸ்மென்டில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

1995ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் வருடச் சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஒரு ஆள், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு என்று சலுகைகள் கேட்கலாம். இவனுக்குச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. அடுத்த கட்ட மறுபரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

மொழி விலக்கு கேட்பதா வேண்டாமா என்று இப்போதே வீட்டில் பேச்சு ஓடுகிறது. ஆங்கிலம் மேல்படிப்புக்கு வேண்டும், தமிழை விட்டால் பாரம் குறையும் என்பது என் கணக்கு. மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "ரவையிலயே எவ்வளவு எழுதியிருக்கேன், அத போய் விடச் சொல்றியே" என்கிறான். அவன் அப்பா அவன் கட்சி.