கீழக்குயில்குடியா, அரிட்டாபட்டியா?

சமணத் துறவிகள் தங்கிய மலை ஒன்றைப் பார்க்க மதுரையில் ஒரு காலைப்பொழுது கிடைத்தால் எங்கே போவது? பலரும் கைகாட்டுவது கீழக்குயில்குடியைத்தான். நாகமலைப் புதுக்கோட்டை பக்கம், நகரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பணசாமி கோயில். இவ்வளவு போதும் என்று பாதிப்பேர் மேலே ஏறாமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஏறுங்கள். சுனையை ஒட்டிய பேச்சிப்பள்ளத்தில் பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர் என்று எட்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள 9, 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் அவற்றைச் செய்வித்தவர்களைச் சொல்கின்றன. குரண்டித் திருக்காட்டாம்பள்ளியின் மாணாக்கர்களும் அவர்களில் உண்டு. நாம் பிள்ளைகளை அனுப்பும் ‘பள்ளி’, சமணர் மடத்தைக் குறித்த அதே சொல்தான். இன்னும் மேலே போனால் மாதேவிப் பெரும்பள்ளி. பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தில் அவன் அரசியின் பெயரால் எழுந்தது. இன்று அடித்தளம் மட்டுமே மிச்சம். இடிபாடு பார்க்கப் போகிறவருக்கு இந்த மொட்டைத் தளம்தான் பரிசு. இன்னொரு சமண மலையான அரிட்டாபட்டியில் இப்படி ஒன்று கிடையாது.

ஆனால் அமைதி? அதற்கு அரிட்டாபட்டிதான். மேலூர்ப் பக்கம் சுமார் 25 கி.மீ.; சொந்த வண்டி இருந்தால் நல்லது. குகை நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் வெட்டிய காடி, கூடவே கி.மு. காலத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. பேச்சிப்பள்ளத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்த எழுத்து. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் இந்தக் குகையைச் செய்து கொடுத்தான் என்கிறது. அருகில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் சிற்பம். மலையின் வேறொரு பக்கம், சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசர் இருக்கும் சிவன் குடைவரை.

2022இல் இந்த ஊரும் மீனாட்சிபுரமும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆயின. அதற்குப் பிறகும் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் கொதித்தெழுந்தது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தப் பாறையில் இன்றும் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. அண்ணாந்து பார்க்கப் பொறுமை இருந்தால் கண்ணில் படும்.

முதல்முறை வருகிறவரைக் கீழக்குயில்குடிக்கே அனுப்புவேன். காலை ஏழு மணிக்குள், தண்ணீரோடு. படியேற முடியாத பெரியவர்களுக்கு அடிவாரத்துக் குளத்தங்கரை நிழல் இருக்கிறது. நான் மறுபடி போவது என்னவோ அரிட்டாபட்டிக்குத்தான்.